நிறுத்தத் தெரிந்த பெட்டி

ஜெர்மனியின் யேனா நகரத்தில் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர் என்றொருவர் இருந்தார். மின்சாரம் என்றால் அவருக்குப் பித்து. இத்தாலிக்காரர் வோல்டா 1800ல் மின்கல அடுக்கைச் செய்து காட்டியதுதான் தாமதம், அதன் கம்பிகளைத் தன் நாக்கிலும் கண்ணிலும் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். 1803 வாக்கில் செய்த ஒரு சோதனை மட்டும் கொஞ்சம் சாதுவானது. செப்புத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கினார். எல்லாம் ஒரே உலோகம் என்பதால் அந்த அடுக்குக்குச் சொந்தமாக மின்சாரம் கிடையாது. அதை வோல்டாவின் அடுக்கோடு சற்று நேரம் இணைத்து வைத்துவிட்டுக் கழற்றினார். கழற்றிய பிறகு அதன் இரு முனைகளையும் சோதித்தால், செத்துக் கிடந்த செம்பு மின்சாரம் தந்தது!

ஒரு பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிவிட்டது. ஆனால் ஏறிய வேகத்திலேயே இறங்கியும் விட்டது. செம்பால் அதை நெடுநேரம் வைத்துக்கொள்ள முடியவில்லை. உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்ட ரிட்டர் 1810ல் 33 வயதிலேயே இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி அதை உருப்படியான பொருளாக்க இன்னொருவர் வருவதற்கு அரை நூற்றாண்டு ஆனது. அவர் நம்பியது ஈயத்தை.

பாரிஸில் காஸ்டன் பிளான்டே 1859ல் இரண்டு நீளமான ஈயத் தகடுகளை எடுத்தார். ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் பட்டைகள் வைத்துச் சேர்த்துச் சுருட்டி, தண்ணீர் கலந்த கந்தக அமிலத்துக்குள் இறக்கினார். புது ஈயம் மின்சாரத்தை லேசில் வாங்கிக்கொள்ளவில்லை. சார்ஜ் ஏற்றி, இறக்கி, முனைகளைத் திருப்பிப் போட்டு மறுபடி ஏற்றி, ஓய்வு கொடுத்து, மீண்டும் ஏற்றி என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒரே ஒரு விஷயம் மட்டும் சுலபம். போதும் என்ற நிலை வந்ததும் தகடுகளிலிருந்து குமிழிகள் குபுகுபுவெனக் கிளம்பும். வரும் மின்சாரத்துக்கு ஈயத்தில் இனி வேலை இல்லை, தண்ணீரைப் பிரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கண்ணால் பார்த்தே நிறுத்திவிடலாம். 1860ல் ஒன்பது கலங்களை ஒன்றாகக் கட்டிப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார் பிளான்டே. பிரமாதமான சாதனைதான். ஆனால் அதன் பின்னால் ஒரு பெரிய வேடிக்கை ஒளிந்திருந்தது.

சுவரில் பிளக் பாயின்ட் இல்லாத காலம் அது. மின் நிலையம் என்ற ஒன்றே உலகில் கிடையாது. பிளான்டே தன் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டது இன்னொரு வகை பேட்டரியை வைத்து. துத்தநாகத்தைக் கரைத்து, நைட்ரிக் அமிலத்தைக் குடித்து, மூச்சை முட்டும் பழுப்புப் புகை கக்கும் புன்சன் கலங்கள் அவை. திரும்பத் திரும்ப உயிர்பெறும் ஒரு பேட்டரிக்காக, திரும்ப எழவே முடியாத பேட்டரிகளைப் பலி கொடுத்தாக வேண்டும். அதற்கு அந்த மின்சாரத்தை நேராகவே செலவழித்துவிட்டுப் போகலாமே? பேட்டரி பிறந்துவிட்டது, அதற்கு ஊட்டத்தான் ஆள் இல்லை.

ஆள் கிடைத்தது 1871ல். பெல்ஜியத்துக்காரர் செனோப் கிராம் தன் டைனமோவைப் பாரிஸில் அறிமுகப்படுத்தினார். நீராவி இயந்திரத்தோடு மாட்டிச் சுழற்றினால் போதும், மின்சாரம் தாராளமாகக் கொட்டியது. பேட்டரியை இதோடு இணைத்தால் பழுப்புப் புகைக்கு வேலையில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில், 1873ல் வியன்னா உலகக் கண்காட்சியில் ஒரு கம்பி தவறான இடத்துக்குப் போனது.

சும்மா நின்றிருந்த ஒரு டைனமோ, ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றோடு இணைந்துவிட்டது. நின்றிருந்தது தானாகச் சுழல ஆரம்பித்தது. மின்சாரம் கொடுத்தால் டைனமோவே மோட்டாராகிவிடும் என்று தெரிந்ததில் கிராமுக்குக் கொண்டாட்டம். பேட்டரிக்காரர்களுக்கு அதுவே தலைவலி. சார்ஜ் ஏறும்போது இயந்திரத்தின் வேகம் குறைந்தால் போதும், ஏறிய மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து டைனமோவைச் சுழற்றும். விடிவதற்குள் பேட்டரி காலி. வேகம் குறைந்ததும் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் ஒரு குட்டி மின்காந்தச் சுவிட்ச் தேவைப்பட்டது. கட்-அவுட் என்ற பெயரில் அது பின்னாளில் லட்சக்கணக்கான கார்களிலும் பைக்குகளிலும் டிக் டிக்கென்று அடிக்கப்போகிறது. அதற்குமுன் பேட்டரியே ஒரு பெரிய அவமானத்தைச் சந்திக்க வேண்டியிருந்தது.

1881ல் காமில் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் ஈய ஆக்சைடை அமிலத்தில் குழைத்துத் தகட்டின் மேல் அப்பினார். பிளான்டேவுக்கு மாதக்கணக்கில் இழுத்த வேலை சட்டென்று சுருங்கியது. அந்த ஆண்டே பாரிஸில் சார்ஜ் போட்ட ஃபோர் பேட்டரிகள் ஒரு பெட்டியில் அடைபட்டுக் கடல் தாண்டி, 72 மணி நேரத்தில் கிளாஸ்கோவிலிருந்த வில்லியம் தாம்சனிடம் போய்ச் சேர்ந்தன. பின்னாளில் கெல்வின் பிரபுவாகப் போகிறவர் அவர். பெட்டிக்குள் இருந்தது பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல், இன்றைய சின்ன பைக் பேட்டரிகளில் எட்டு, பத்து சேர்ந்தால் வரும் அளவு. மின்சாரத்தை மூட்டை கட்டி ஊர்விட்டு ஊர் அனுப்பலாம் என்ற பரபரப்பில் பேட்டரி கம்பெனிகள் முளைத்தன. சில காலத்தில் அப்பிய பசை உதிர்ந்தது, பேட்டரிகள் செத்தன. பங்கு விற்றுப் பொதுமக்களை ஏமாற்றவே இந்தச் சரக்கு என்று 1883ல் வெளுத்து வாங்கினார் ஒருவர். அவர் பெயர் தாமஸ் எடிசன்.

எடிசனுக்கே அடுத்த அடி விழுந்தது. அவர் தூக்கிப் பிடித்தது ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம். எதிராளிகள் கொண்டுவந்தது நொடிக்குப் பல தடவை திசை மாறும் ஏசி. 1896ல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பஃபலோ நகரத்துக்கு ஏசியாகப் போய்ச் சேர்ந்ததோடு போட்டி முடிந்த மாதிரிதான். வீடு வீடாக வரப்போவது ஏசி. பேட்டரிக்கோ ஏசி ஆகவே ஆகாது. ஒரு கணம் ஏற்றியதை மறுகணமே இறக்கிவிடும். அமெரிக்காவில் 1900ல் தயாரான மோட்டார் வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் பேட்டரியில் ஓடியவை. அத்தனை வண்டிகளும் வாசலில் நிற்க, சுவரில் வந்ததோ தவறான மின்சாரம்.

பரிகாரம் வந்தது ஒரு விளக்கிலிருந்து. நியூயார்க்கில் மாடிசன் சதுக்கத் தோட்டக் கட்டடத்தின் கோபுரத்தில் பீட்டர் கூப்பர் ஹியூவிட் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை, அப்பா நகரத்தின் மேயராக இருந்தவர். பாதரச ஆவியில் எரியும் விளக்கு ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். வெளிச்சம் கண்ணைப் பறித்தது, ஆனால் அதில் சிவப்பே கிடையாது. அதன் கீழே நின்றால் அழகிகளுக்கும் பிணக்களை தட்டியது. வீட்டுக்குள் யார் வைப்பார்கள்? அந்த விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான், 1902ல், அதற்கு ஒரு பிடிவாதம் இருப்பது தெரிந்தது. ஒரு திசையில் மின்சாரத்தை விட்டது, மறு திசையில் அடியோடு மறுத்தது.

ஏசியைக் கொடுத்தால் டிசி! பேட்டரிக்காரர்கள் காத்திருந்தது இதற்குத்தான். மேலே உருண்டு பெருத்த கண்ணாடிக் குடுவை, அடியில் பாதரசக் குட்டை, பக்கவாட்டில் கைகள். சார்ஜ் ஏறும்போது குடுவைக்குள் நீல ஒளி துள்ளிக்கொண்டே இருக்கும். வசதியான வீடுகளின் கார் கொட்டகையில் அது இடம்பிடித்தது. கைப்பிடி சுற்றிக் கையை உடைத்துக்கொள்ளும் பெட்ரோல் வண்டியைவிட பெண்கள் மின்சார வண்டியை விரும்பினார்கள். பெட்ரோல் கார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே மின்சாரக் கார்தான் ஓட்டினார். அந்த வாழ்வு 1912ல் சரிந்தது.

அந்த வருடக் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. சுவிட்சைத் தொட்டால் பெட்ரோல் எஞ்சின் ஓடியது. மின்சாரக் காரின் பெரிய பெருமை போயிற்று. ஆனால் அதைச் சாய்த்த அதே கருவி, பேட்டரியைப் பெட்ரோல் வண்டிக்குள் குடியேற்றிவிட்டது. காருக்குச் சரி. அதே வித்தையை இரண்டு சக்கரத்தில் காட்ட ஆசைப்பட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தியன் மோட்டார் சைக்கிள் நிறுவனம் 1914ல் ஹெண்டீ ஸ்பெஷல் என்ற வண்டியை இறக்கியது. செல்ஃப் ஸ்டார்ட்டோடு வந்த முதல் மோட்டார் சைக்கிள் அது. இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், மோட்டாரும் டைனமோவும் ஒன்றாகச் சேர்ந்த கருவி என்று எல்லாம் அமர்க்களம். ஓட்டிப் பார்த்தால் எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு அந்தப் பேட்டரிகளில் சார்ஜ் நிற்கவில்லை. ஒரே வருடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். கிக்கர்தான் மோட்டார் சைக்கிளுக்கு விதி என்றாயிற்று. பேட்டரி விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும் சேவகம் செய்தது. அதை மறுபடி தலையெடுக்க வைத்தது உடைந்துபோன ஒரு கல்.

பாதரசக் குடுவைக்குப் பதிலாக 1930களிலேயே செலினியம் பூசிய தகடுகள் வந்துவிட்டன. கண்ணாடி உடையும் பயம் இல்லை. ஆனால் தாங்காத சூட்டில் அவை கருகினால் கிளம்பும் நாற்றம் தெருவையே காலி செய்யும், விஷமும்கூட. இந்த நிலையில் 1940 பிப்ரவரியில், நியூஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரசல் ஓல் ஒரு சிலிக்கான் துண்டைச் சோதித்தார். நடுவே விரிசல் விட்டிருந்த, வீசியெறிய வேண்டிய துண்டு. அதன்மேல் வெளிச்சம் பட்டதும் மீட்டர் முள் துள்ளியது. உருக்கிய சிலிக்கான் ஆறும்போது அதில் கலந்திருந்த அசுத்தங்கள் இரு பக்கமாகப் பிரிந்து நின்றிருந்தன. அந்த எல்லைக்கோடு, ஹியூவிட்டின் குடுவை செய்த அதே வேலையைச் செய்தது. ஒரு பக்கம் வழிவிட்டது, மறுபக்கம் மறித்தது. கார் கொட்டகையை அடைத்த கருவி மிளகு அளவுக்குச் சுருங்கப்போகிறது என்று அன்று யார் கண்டது?

1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்தது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட்டுகள் தயாராயின. ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர். முள் கழித்தல் பக்கம் சாய்ந்தால் பேட்டரி இறங்குகிறது, கூட்டல் பக்கம் போனால் ஏறுகிறது. முள் எழும்பவே இல்லையென்றால் போக வேண்டிய இடம் பேட்டரிக் கடை. கடையில் மர பெஞ்சின் மேல் பேட்டரிகள் வரிசையாக வயரில் கோக்கப்பட்டிருக்கும். மூடிகள் திறந்திருக்கும், ஒவ்வொரு செல்லும் சலசலக்கும், அமில நெடி தொண்டையைக் கமறும். கடைக்காரர் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்ப்பார். அமிலத்தின் அடர்த்தி 1250ஐத் தொட்டு, குமிழியும் தாராளமாக வந்தால் வயரைக் கழற்றுவார். பிளான்டே காலத்திலிருந்து மாறாத முறை. கொடுப்பது இயந்திரம், நிறுத்துவது மனிதக் கண். அந்தக் கண்ணைக் கட்டும் வேலை வேறோர் ஊரில் தொடங்கியிருந்தது.

ஜெர்மனியில் ஓட்டோ யாக்கே 1957ல் பேட்டரி அமிலத்தைக் கூழாக உறையவைத்தார். அமெரிக்காவின் டென்வரில் கேட்ஸ் ரப்பர் கம்பெனிக்காரர்கள் 1972ல் அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்தார்கள். ஈயத் தகட்டைச் சுருட்டியும் வைத்தார்கள், 113 வருடத்துக்குப் பிறகு பிளான்டேவின் சுருள் திரும்பிவிட்டது. கவிழ்த்தாலும் சிந்தாது, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. சாய்ந்து, குலுங்கி ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு வரப்பிரசாதம். இதற்கிடையே ஹோண்டா 1969ல் சிபி 750ஐ செல்ஃப் ஸ்டார்ட்டோடு இறக்கி, ஹெண்டீ ஸ்பெஷல் தோற்ற இடத்தில் ஜெயித்துக் காட்டியிருந்தது. சீல் வைத்த பேட்டரி, பட்டன் ஸ்டார்ட், இனி என்ன கவலை? திறக்க மூடியே இல்லாத பேட்டரியில் குமிழியை எங்கே பார்ப்பது என்பதுதான்.

பழைய சார்ஜர்களுக்கு நிறுத்தத் தெரியாது. இரவு மாட்டியதைக் காலையில் மறந்தால் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூடி உள்ள பேட்டரியில் குறைந்த தண்ணீரை மறுநாள் ஊற்றிவிடலாம். சீல் வைத்ததில் போன தண்ணீர் போனதுதான். பேட்டரி வீங்கி, வெந்து, செத்தது. இன்னொரு பக்கம் ஐரோப்பா, வட அமெரிக்காவின் பனிக்காலம். அங்கே பைக்குகள் மாதக்கணக்கில் கொட்டகையில் முடங்கின. சும்மா இருந்தாலும் பேட்டரி தானாக இறங்கும், இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டித்துப் படிகமாகும். வசந்தத்தில் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரே சத்தம். மாட்டினாலும் சாவு, மாட்டாவிட்டாலும் சாவு.

கண் பார்த்ததை வோல்ட்டும் சொல்லும் என்பதில்தான் விடை இருந்தது. 12 வோல்ட் பேட்டரி 14.4 வோல்ட்டை நெருங்கும்போதுதான் குமிழி விடத் தொடங்கும். அந்த எல்லையை ஒரு சின்ன சில்லு கவனித்துக்கொண்டால் போதும். சிலிக்கான் மலிவானதும் அப்படி ஒரு பெட்டி உருவானது, உள்ளங்கையில் அடங்கும் அளவில். முதல் கட்டத்தில் தாராளமாகக் கொடுத்தது. 14.4ஐ எட்டியதும் வோல்ட்டை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தது. பந்தியில் பசித்து உட்கார்ந்தவருக்கு முதலில் அள்ளி வைத்து, வயிறு நிறைய நிறைய அளவைக் குறைக்கும் நல்ல பரிமாறுகிறவரின் பக்குவம் அது. கடைசியில் 13.2 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இறங்கி, தானாகக் கசிவதை மட்டும் ஈடுகட்டியது. பச்சை விளக்கு எரிய, மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாம். பைக் பேட்டரியின் ஸ்மார்ட் சார்ஜர் பிறந்த கதை இதுதான். நம் ஊரில் பனி இல்லை, அதனால் அது நமக்கு எதற்கு என்றிருந்தது, 2020 வரை.

அந்த மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தது, பைக்குகள் வாசலிலேயே நின்றன. ஏப்ரல் 1ல் பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. எரிபொருளைப் பீய்ச்சும் புது எஞ்சின்களுக்கு பம்பை இயக்கவே பேட்டரி வேண்டும். பல மாடல்களில் கிக்கரும் இல்லை. செல்ஃப் எடுக்காத வண்டிகளுக்குக் கையில் கிடைத்த கார் சார்ஜரை மாட்டியவர்கள் உண்டு. சாதாரண 100 சிசி பைக்கின் பேட்டரி 3, 4 ஆம்பியர்-அவர்தான். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது அரை ஆம்பியருக்கும் குறைவாக வாங்க வேண்டியதற்கு, ஐந்து பத்து ஆம்பியரைத் திணித்தால் என்ன ஆகும்? ஸ்மார்ட் சார்ஜர் வாங்கிவந்த சிலருக்கு வேறு ஏமாற்றம். அடியோடு இறங்கிப்போன பேட்டரியைச் சில சார்ஜர்கள் பேட்டரி என்றே ஏற்றுக்கொள்ளவில்லை, விளக்கே எரியவில்லை. பனிநாட்டுக் கணக்கில் செய்த சார்ஜர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருந்தது. சூடு ஏற ஏற நிறுத்த வேண்டிய வோல்ட் இறங்கும். 25 டிகிரியில் 14.4 என்றால் 40 டிகிரி வெயிலில் 14.1 போதும். வெப்பத்தை அளந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்களுக்கு இங்கேதான் உண்மையான மதிப்பு.

அதோடு கதை முடிந்திருக்கும், அதற்குள் ஈயத்துக்கே போட்டி வந்துவிட்டது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃபும், அக்ஷய பாதி உள்ளிட்ட அவரது குழுவினரும் 1997ல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றி எழுதினார்கள். சில வருடங்களில் அது பைக் பேட்டரியாகவும் வந்தது, ஈயத்தின் எடையில் சிறு பங்குதான். ஸ்மார்ட் சார்ஜர்கள் கெட்டித்த சல்பேட்டை உடைக்க அதிக வோல்ட்டில் துடிப்புகள் அனுப்பும் வித்தையை அதற்குள் கற்றிருந்தன. செத்த ஈய பேட்டரிகள் சில அதில் பிழைத்தன. அதே துடிப்பு லித்தியத்துக்குப் போனபோது, அங்கே உடைக்க சல்பேட்டே இல்லை, பேட்டரிதான் உடைந்தது. நிரம்பிய பின் விடாமல் ஊட்டுவதும் அதற்கு ஒத்துவரவில்லை. அதனால் புதிய சார்ஜர்களின் முகப்பில் ஈயமா, லித்தியமா என்று தேர்ந்தெடுக்கும் பட்டன் ஒன்று கூடியது. ஈயத்தைப் பிழைக்கவைக்கக் கற்ற வித்தையை லித்தியத்திடம் மறந்தாக வேண்டும். இன்று சார்ஜர் வாங்குகிறவர்கள் ஆம்பியருக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியது அந்தப் பட்டனைத்தான்.